ஸ்லைடு நகர மறுக்கிறதா?

ஒரகடத்தில் உதிரிபாகம் தயாரிக்கும் தொழிற்சாலையில் மென்பொருள் பொறியாளன் நான். ஆர்டர் தரும் கம்பெனியின் தணிக்கைக் குழு எதிரே உட்கார்ந்திருக்க, என் பவர்பாயின்ட் ஸ்லைடு நகரவே இல்லை! பழுதைச் சரிசெய்த விதத்தை விளக்க வேண்டிய நேரம் வீணாகப் போனது.

காரணம், மொபைலில் எடுத்து அப்படியே ஒட்டிய போட்டோக்கள். 4000×3000 பிக்ஸல் படம் விரியும்போது, பிக்ஸலுக்கு 4 பைட் வீதம் 48 எம்பி மெமரி பிடிக்கும். எங்கள் புரொஜெக்டர் காட்டுவதோ 1920×1080தான். மூலையை இழுத்துப் படத்தைச் சிறிதாக்கினாலும் பைலில் பிக்ஸல்கள் குறையாது.

முதலில் பைலுக்கு ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். குறைத்த பிக்ஸல்கள் திரும்பி வராது. படத்தைக் கிளிக் செய்து, பிக்சர் ஃபார்மட் டேபில் 'கம்ப்ரஸ் பிக்சர்ஸ்' தேர்ந்தெடுங்கள். 'அப்ளை ஒன்லி டு திஸ் பிக்சர்' டிக்கை நீக்கி, 150 பிபிஐ கொடுத்து சேமியுங்கள். 13.33 அங்குல ஸ்லைடுக்கு இது 2000 பிக்ஸல் அகலம், தாராளமாகப் போதும்.

அடுத்த தணிக்கையில் ஸ்லைடுகள் தடங்கலின்றி ஓடின. கேள்விகள் பழுதைப் பற்றி மட்டுமே வந்தன!