எவருக்கு எந்தத் தேகாப்பியாசம்?

கொழும்பிலே, வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி முதலிய பகுதிகளில் காலி வீதி வழியே நடந்து செல்லும் ஒருவருடைய கண்ணில் தேகப்பயிற்சி நிலையத்தின் விளம்பரப் பலகை ஒன்றேனும் படாமற் போவது இக்காலத்தில் அரிது. யோகாசனம் என்கிறது ஒரு பலகை. பாரந்தூக்கல் என்கிறது மற்றொன்று. ஏரோபிக்ஸ், ஸும்பா, பிலாட்டிஸ் என்னும் பிறநாட்டுப் பெயர்களும் இங்குள்ளோர் நாவிலே ஏறிவிட்டன. முப்பதே நாளில் தொந்தியைக் கரைத்துத் தருவதாக உறுதி கூறும் பலகையும் இடையிடையே தென்படும். அந்த உறுதிமொழியின் பெறுமதி யாது என்பதைப் பின்னர்ப் பார்க்கலாம்.

தை மாதத்திலே மூன்று மாதக் கட்டணத்தை முன்கூட்டியே செலுத்திச் சேர்பவர்களுட் பலர், மாசி முடியுமுன் வகுப்பைக் கைவிட்டு விடுகின்றனர். இதனைச் சோம்பல் என்று வீட்டிலுள்ளோர் கூறுவர். சேர்ந்தவரும் தம்மையே நொந்துகொள்வர். சோம்பலும் ஒரு காரணமாகலாம். ஆயினும், தமக்கு வேண்டியது இன்னதெனத் தெளியாமல், அயல்வீட்டார் சேர்ந்தார் என்பதற்காகவோ, பெயர் கவர்ச்சியாயிருந்தது என்பதற்காகவோ ஒரு வகுப்பைத் தேர்ந்துகொண்டமையே பலரிடத்து மூலகாரணம் எனலாம்.

ஒரே ஒழுங்கையில் வசிக்கும் மூவரைக் கற்பனை செய்துகொள்வோமாயின் விடயம் விளங்கும். ஒருவர் நாற்பத்தைந்து வயதுக் கந்தோர் உத்தியோகத்தர். இரத்தத்திற் சீனி கூடியிருப்பதாக வைத்தியர் அவரை எச்சரித்திருக்கிறார். மற்றவர் அறுபத்தெட்டு வயதான, இளைப்பாறிய ஆசிரியை. ஒருமுறை குளியலறையில் வழுக்கி விழுந்தபின், படியிறங்கும் போதெல்லாம் அவருடைய கை சுவரைத் தேடுகிறது. மூன்றாமவன் பதினேழு வயது மாணவன்; பாடசாலை விளையாட்டுப் போட்டியில் உயரம் பாய்தலில் வெல்ல விரும்புகிறான். இம்மூவரும் மாலைதோறும் இசைக்கேற்பத் துள்ளியாடும் ஒரே வகுப்பிற் சேர்கின்றனர் என்று வைத்துக்கொள்க. வகுப்பு நல்ல வகுப்பே. உத்தியோகத்தருக்கு அதனாற் பயன் உண்டு. ஆசிரியைக்குச் சிறிது பயனும் பெரிது பயமும் உண்டு. மாணவனுக்கோ மூச்சு நீளுமேயன்றிப் பாய்ச்சல் உயராது.

இதன் காரணம் தேகத்தின் இயல்பிலேயே உள்ளது. எந்த வேலையை மீண்டும் மீண்டும் தேகத்திற்கு இடுகிறோமோ, அந்த வேலைக்கான ஆற்றலையே அது வளர்த்துக்கொள்ளும். இடாத வேலைக்கென்று பெரிதாக எதையும் சேமித்து வைப்பதில்லை. 1958ஆம் ஆண்டில் தோக்கியோவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டு விழாவில் உயரம் பாய்தலில் தங்கப்பதக்கம் வென்ற யாழ்ப்பாணத்து வீரர் நாகலிங்கம் எதிர்வீரசிங்கத்தின் பெயர் நேயர் பலர்க்கும் தெரிந்ததே. உயரம் பாய்பவருக்கு வேண்டியது ஒரே கணத்தில் வெளிப்படும் கால் வலிமை. 26 மைல் ஓடும் மரதன் வீரருக்கு வேண்டியதோ மணிக்கணக்கில் ஓயாத இருதயமும் நுரையீரலும். ஒருவருடைய பயிற்சியை மற்றவருக்குக் கொடுத்தால் இருவருமே தோற்பர்.

இருதயத்துக்கும் வேலைக்கும் உள்ள தொடர்பை முதன்முதல் உலகறியச் செய்தவை இலண்டன் மாநகரத்து இரட்டைத்தட்டு பஸ்கள். ஜெரி மொரிஸ் என்னும் ஆராய்ச்சியாளரும் அவருடைய கூட்டாளிகளும், ஏறத்தாழ 31,000 போக்குவரத்துத் தொழிலாளரின் நோய்க் குறிப்புக்களை ஆராய்ந்து, 1953ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். ஒரே பஸ்ஸில், ஒரே நேரத்தில், ஏறத்தாழ ஒரே வகையான குடும்பங்களிலிருந்து வந்த இருவர் தொழில் செய்தனர். சாரதி நாள் முழுவதும் இருக்கையில் அமர்ந்திருந்தார். நடத்துநரோ சீட்டு வழங்குவதற்காக மேற்றட்டுக்கும் கீழ்த்தட்டுக்குமாக நாளொன்றுக்கு 500 முதல் 750 படிகள் வரை ஏறினார். முடிநாடி இருதயநோய் சாரதிகளைவிட நடத்துநர்களிடம் குறைவாயிருந்தது. வந்தவிடத்தும் பிந்திய வயதில், கடுமை குறைந்ததாக வந்தது. கடிதங்களைச் சுமந்து நடந்த தபாற்காரருக்கும் மேசையிலிருந்து எழுதிய எழுதுவினைஞருக்கும் இடையிலும் இத்தகைய வேறுபாடே காணப்பட்டது.

இங்கே ஓர் ஐயம் எழுதல் இயல்பு. தொழிலிற் சேரும்போதே சாரதிகள் பருத்தவர்களாக இருந்திருக்கலாமன்றோ? அந்த ஐயம் ஆராய்ந்தவர்களுக்கும் எழுந்தது. தொழிலாளருக்கு வழங்கப்பட்ட சீருடைகளின் அளவுப் பதிவேடுகளை எடுத்துப் பார்த்தனர். சாரதிகளின் காற்சட்டை இடுப்பளவு நடத்துநர்களுடையதைவிடப் பெரிதாகவே இருந்தது என்பதை 1956இல் அவர்களே ஒளிக்காது வெளியிட்டனர். ஆகவே வேறுபாடு முழுவதும் படிகளால் விளைந்தது என்று கூறுதல் இயலாது. எனினும் அதன்பின் பல நாடுகளில் நடந்த எண்ணற்ற ஆராய்ச்சிகள் உடலுழைப்பின் நன்மையை உறுதிப்படுத்தியே வந்துள்ளன. மொரிஸ் தாமும் முதுமை வரை நடையையும் நீச்சலையும் கைவிடாது, 2009ஆம் ஆண்டில் தமது 99ஆம் வயதிற் காலமானார்.

இனி, அந்தக் கந்தோர் உத்தியோகத்தரிடம் திரும்பலாம். அவருக்கு முதலில் வேண்டியது நடத்துநரின் படியேற்றம் போன்ற, மூச்சை ஓரளவு விரைவுபடுத்தும் அப்பியாசம். வளர்ந்தவர்கள் வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உழைப்பிலோ, 75 முதல் 150 நிமிடம் வரை கடுமையான உழைப்பிலோ ஈடுபடுதல் வேண்டுமென உலக சுகாதார ஸ்தாபனம் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது. கீழெல்லையாகிய 150 நிமிடம் என்பது வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு அரைமணி நேரம். மிதமான உழைப்பு எது என்பதை அறியக் கருவி எதுவும் வேண்டியதில்லை. நடக்கும்போது பேச முடியும், பாட முடியாது என்றால் அது மிதமானது. நாலைந்து சொல்லுக்கு மேற் பேசவும் முடியாதென்றால் அது கடுமையானது. ஆகவே, துள்ளியாடும் வகுப்புக்குப் பணம் செலுத்த வசதியில்லாதவர், மாலையிலே காலிமுகத்திடலில் விரைந்து நடந்தும் அதே பயனைப் பெறலாம். சயிக்கிள் ஓட்டமும் அத்தகையதே.

நீரிழிவை அஞ்சுபவருக்கு நாட்களின் பகிர்வும் முக்கியம். தசைகள் இயங்கும்போது, இன்சுலினின் உதவியை அதிகம் எதிர்பாராமலே இரத்தத்திலுள்ள சீனியை உள்ளெடுத்துக் கொள்கின்றன. அப்பியாசம் முடிந்த பின்னரும் ஏறத்தாழ ஒருநாள், சிலவேளை இரண்டு நாள் வரை அவை இன்சுலினுக்கு நன்கு இணங்குகின்றன. பின்னர் அந்த நன்மை தேய்ந்துவிடும். ஆதலின், ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டரை மணி நேரம் வியர்த்துவிட்டு ஏனைய நாட்களில் ஓய்ந்திருப்பது அவருக்குப் போதாது. தொடர்ந்தாற்போல் இரண்டு நாட்களுக்கு மேல் இடைவெளி விடாதிருப்பதே நன்று. இன்சுலின் ஏற்றிக்கொள்வோரும், சீனியை மிகவும் குறைக்கக்கூடிய மாத்திரை உட்கொள்வோரும், அப்பியாசத்தின்போது சீனி அளவுக்கு மிஞ்சிக் குறைந்து மயங்குதல் கூடுமாகையால், முதலில் வைத்தியருடன் கலந்தாலோசித்தல் இன்றியமையாதது.

நடை ஒன்றே போதும் என்று நினைப்பவர்கள் மறந்துவிடும் பகுதி ஒன்றுண்டு. அதுதான் தசையின் வலிமை. இரண்டாம் உலக யுத்தத்தின்போது ஐக்கிய அமெரிக்க இராணுவ வைத்தியசாலை ஒன்றில், முழங்காலிற் காயமுற்ற போர்வீரர்கள் மாதக்கணக்கில் வலிமை திரும்பாது கிடந்தனர். மெல்லிய எடையைப் பலமுறை தூக்குதலே அக்காலத்துச் சிகிச்சை. தோமஸ் டீலோம் என்னும் இளம் வைத்தியர், இளமையிலே தாம் நோயுற்றுத் தேறியபோது பாரந்தூக்கிப் பயன்பெற்றவர். அவர் அம்முறையை மாற்றி, பாரமான எடையைச் சிலமுறை மட்டும் தூக்கச் செய்து, தேகம் தேறத் தேற எடையைக் கூட்டினார். 1945இல் அவர் தம் முறையை வெளியிட்டார். பின்னர் அது ஓர் எளிய ஒழுங்காக அமைந்தது: ஒருவர் பத்துமுறை மட்டுமே தூக்கக்கூடிய எடையைக் கண்டறிந்து, முதலில் அதன் பாதியை, அடுத்து முக்காற் பங்கை, இறுதியில் முழு எடையைப் பப்பத்து முறை தூக்குதல். இன்று உலகெங்கும் பயிற்சி நிலையங்களில் ‘மூன்று சுற்று, சுற்றுக்குப் பத்து’ என்று கேட்கும் கட்டளைக்கு வித்து இதுவே எனலாம்.

பாரந்தூக்கல் இளைஞர்க்கே உரியது என்னும் எண்ணம் எத்துணைத் தவறானது என்பதை ஆசிரியையின் பொருட்டுக் கூறுதல் வேண்டும். ஐக்கிய அமெரிக்காவில் முதியோர் இல்லம் ஒன்றில் வாழ்ந்த, 86 முதல் 96 வயது வரையான, தளர்ந்த பத்துப் பேரைக் கொண்டு நடத்திய ஆராய்ச்சியொன்று 1990இல் வெளியாயிற்று. எட்டு வாரம் கால்களுக்குப் பாரப்பயிற்சி அளிக்கப்பட்டது. ஒருவர் இடையில் நின்றார். ஏனையோரின் கால் வலிமை சராசரியாக 174 சதவீதம் உயர்ந்தது. சிறிய ஆராய்ச்சிதான். ஆயினும், தொண்ணூறு வயதிலும் தசை பயிற்சிக்கு இணங்கும் என்பதை அது காட்டிவிட்டது.

ஆகவே ஆசிரியைக்கு வேண்டியவை இரண்டு: கால்களுக்கு வலிமை, நிலைகுலையாது நிற்கும் சமநிலை. நாற்காலியிலிருந்து கைகளை ஊன்றாமல் எழுந்து அமர்தல், சுவரருகே நின்று ஒற்றைக்காலில் நிற்றல், ஒரு பாதத்தின் விரல்களுக்கு முன்னால் மற்றப் பாதத்தின் குதியை வைத்து நேர்கோட்டில் நடத்தல் ஆகியவற்றை அவர் வீட்டிலேயே தொடங்கலாம். சீன நாட்டுத் தாய்ச்சி என்னும் மெதுவான அசைவுப் பயிற்சி, முதியோர் விழுதலைக் குறைப்பதாக நன்கு நிறுவப்பட்டுள்ளது. அறுபத்தைந்து வயதைக் கடந்தோர் சமநிலையையும் வலிமையையும் வளர்க்கும் பயிற்சியை வாரத்தில் மூன்று நாளேனும் செய்தல் வேண்டுமென்பது மேற்கூறிய ஸ்தாபனத்தின் ஆலோசனை. நீச்சல் வகுப்பு முழங்கால் வலியுடையோருக்கு உகந்தது, இருதயத்துக்கும் நல்லது. ஆனால் நீர் தேகத்தைத் தாங்கிக்கொள்வதனால், எலும்புகளுக்குப் பாரம் ஏறுவதில்லை. எலும்பு தேய்கிறதென்று அஞ்சும் பெண் நீச்சலை மட்டுமே நம்பியிருத்தல் ஆகாது.

யோகாசனத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அங்கங்களின் வளைவுக்கும், சமநிலைக்கும், மன அமைதிக்கும் அது உதவும். முதுகுவலியால் நெடுநாள் வருந்துவோர் சிலருக்கும் ஆறுதல் தரும். மெதுவாகச் செய்யப்படும் ஆசன வகுப்பு மூச்சை விரைவுபடுத்தாதாகையால், உத்தியோகத்தரின் நடைக்கு அது ஈடாகாது. இதனைக் கூறுதல் யோகத்தை இழித்துரைப்பதாகாது; கத்தியால் வெட்டலாம், தைக்க முடியாது என்பது போன்றதே.

இப்போது தொந்திப் பலகைக்கு வரலாம். வயிற்றுத் தசைகளுக்கு எத்துணைப் பயிற்சி அளித்தாலும் வலிமை பெறுபவை அத்தசைகளே. மேலேயுள்ள கொழுப்பு அவ்விடத்திலிருந்து மட்டும் கரைவதில்லை. தேகம் தனக்கு வேண்டிய கொழுப்பை எங்கும் பரவலாகவே எடுக்கும்; எங்கிருந்து முதலில் எடுக்கும் என்பது பரம்பரையையும் ஆண் பெண் என்னும் வேறுபாட்டையும் பொறுத்தது. அன்றியும், 65 கிலோ எடையுள்ளவர் அரைமணி நேரம் விரைந்து நடந்தாற் செலவாவது ஏறத்தாழ 130 கலோரி. நடை முடிந்து வரும் வழியில் ஒரு வடையும் சீனி கூடிய பால்தேநீரும் அருந்தினால் அக்கணக்கு நேராகிவிடும். எடை குறைதலே நோக்கமாயின், சோற்றுக் கோப்பையிலிருந்தே தொடங்குதல் வேண்டும்; அப்பியாசம் அதற்குத் துணை. குறைந்த எடை மீண்டும் ஏறாது காப்பதில் அத்துணை பெரிது.

வகுப்பிற் சேருமுன் பயிற்றுநரிடம் நேரே சென்று பேசிப் பார்த்தல் நலம். சேர வந்தவரின் வயது, நோய், முன்னைய காயம் ஆகியவற்றை வினவாமலே பணத்தைப் பெற்றுக்கொள்பவரிடம் சேராதிருப்பதே பாதுகாப்பு. நான்கு வாரம் கழிந்தபின் எதை, எவ்வளவு கூட்டுவீர்கள் என்று கேட்டால், நல்ல பயிற்றுநர் தடுமாறாது விடை கூறுவார். டீலோம் கண்ட இரகசியம் சிறுகச் சிறுகக் கூட்டுதலேயாகும். ஆறு மாதம் ஒரே அளவில் நிற்கும் வகுப்பில் ஆரம்ப நன்மைக்கு மேல் அதிகம் கிட்டாது. முதல்நாளே நடக்கவியலாதபடி வருத்தும் வகுப்பும் ஏற்றதன்று. மறுநாளும் அதற்கடுத்த நாளும் தோன்றும் இலேசான தசைநோவு இயல்பானது. மூட்டினுள்ளே குத்தும் வலி அவ்வாறன்று. நெஞ்சிலே இறுக்கம், தலைச்சுற்று, வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல் என்பன தோன்றினால் உடனே நிறுத்தி வைத்தியரை நாடுதல் வேண்டும்.

நிலையத்தின் தூரமும் அற்ப விடயமன்று. கந்தோர் முடிந்து இரண்டு பஸ் மாறிச் செல்லவேண்டிய சிறந்த நிலையத்தைவிட, வீட்டுக்கருகேயுள்ள சாதாரண நிலையமே ஆண்டிறுதியிற் கூடுதலான பயனைத் தந்திருக்கும். பெண்களுக்கு, வகுப்பு நடைபெறும் நேரமும் அங்கு நிலவும் மரியாதையும் தேர்விற் சேரவேண்டியவை. இலங்கையின் ஈரலிப்பான வெப்பத்தில் வியர்வை எளிதில் உலராதாகையால், வெளியிற் பயில்வோர் அதிகாலையையோ வெயில் சாய்ந்த நேரத்தையோ கொள்வது நன்று.

மாணவனுக்குக் கூறவேண்டியது சுருக்கமே. கால் வலிமைக்குப் பாரப்பயிற்சி, குறுகிய வேக ஓட்டம், பாய்தலையே பலமுறை பழகுதல், அவற்றிடையே போதிய ஓய்வும் உறக்கமும். எடையைத் தூக்கும் முறையை முதலில் வெறுந்தடியைக் கொண்டே கற்றுக்கொள்ளுதல் வேண்டும். அருகில் அறிந்தவர் ஒருவர் நிற்றல் வேண்டும்.

இடையிலே காய்ச்சலோ பரீட்சையோ வந்து மூன்று வாரம் தவறிப்போகுமாயின், விட்ட இடத்திலேயே தொடங்க முயல்வது காயத்தை வரவழைக்கும். முன்னைய அளவிற் பாதியிலிருந்து தொடங்கினாற் போதும். ஒருமுறை ஈட்டிய வலிமை, முதன்முறை எடுத்த காலத்தைவிட விரைவாகவே திரும்பி வருகிறது.