மீன்தொட்டிக்கு ஏற்ற மணல் எது?

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (விலங்கியல்)

கண்ணாடித் தொட்டிக்குள் நீந்தி விளையாடும் மீன்களைக் கண்டு மகிழாதவர் உண்டோ? மீனின் நிறத்தைப் புகழ்கிறோம். வாலின் அழகை வியக்கிறோம். ஆனால் தொட்டியின் அடியில் கிடக்கும் மணலை நம்மில் எத்தனை பேர் உற்றுப் பார்த்திருப்போம்? நானும் பார்த்ததில்லை. அந்த அலட்சியத்திற்கு ஏழு அயிரை மீன்கள் தம் உயிரை விலையாகக் கொடுத்தன. அவற்றிடம் நான் கற்ற பாடமே இக்கட்டுரை.

தொட்டி வந்த கதை

எனது ஊர் ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூருக்கு அப்பால் உள்ள ஒரு சிற்றூர். சாமை விதைத்து, புளியும் பலாவும் பார்த்துப் பிழைக்கும் குடும்பம். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான்தான். முதலாண்டு முழுவதும் வகுப்பில் வாய் திறக்கவே அஞ்சினேன். இரண்டாம் ஆண்டின் தொடக்கத்தில் ஒருநாள், ஆய்வகத்தில் சும்மா கிடந்த கண்ணாடித் தொட்டியைக் காட்டி, “இதில் உங்கள் ஊர் மீனை வளர்த்துக் காட்டம்மா, பார்க்கலாம்” என்றார் எங்கள் பேராசிரியர். என் ஊரில் உள்ள ஒன்றைக் கல்லூரியில் ஒருவர் கேட்டது அதுவே முதல் முறை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த வாரமே ஊருக்குப் போய், எங்கள் நிலத்தோரத்து ஓடையில் பன்னிரண்டு அயிரை மீன்களைப் பிடித்துக் குடத்தில் கொண்டு வந்தேன். மணல்? விடுதிக்குப் பக்கத்தில் வீடு கட்டிக்கொண்டிருந்தவர்களிடம் கேட்டு ஒரு கூடை எம்-சாண்ட் வாங்கினேன். இரண்டு முறை கழுவித் தொட்டியில் கொட்டி, தண்ணீர் ஊற்றி, அன்றைக்கே மீன்களையும் விட்டேன். ஒரே வாரத்தில் ஐந்து மீன்கள் மிதந்தன. அடுத்த பத்து நாளில் மேலும் இரண்டு. எஞ்சிய ஐந்தும் மணலில் புகாமல் மூலையில் ஒதுங்கிக் கிடந்தன.

பேராசிரியர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. இறந்த மீன் ஒன்றைத் தட்டில் இட்டு, கைலென்சை என்னிடம் நீட்டினார். வாயைச் சுற்றி நூல் போல நீண்டிருக்க வேண்டிய மீசைகள் தேய்ந்து முளைக்குச்சிபோல் நின்றன. “எந்தத் தரை வேண்டும் என்று மீனைக் கேட்டாயா?” என்றார். அந்தக் கேள்விக்கு விடை தேடிப் புறப்பட்டேன்.

மீன் கேட்கும் தரை

அயிரையின் அறிவியற்பெயர் லெபிடோசெஃபாலிக்திஸ் தெர்மாலிஸ். ‘தெர்மாலிஸ்’ என்பது வெப்பத்தைக் குறிக்கும் சொல். 1846-இல் வாலன்சியென் என்ற பிரெஞ்சு விலங்கியலார் இதற்குப் பெயரிட்டபோது, இலங்கையில் திருகோணமலைக்கு அருகிலுள்ள கன்னியா வெந்நீர் ஊற்றுகளில் கிடைத்த மீனைக் கொண்டே பெயரிட்டார். மதுரையில் குழம்புக்குப் பேர்போன அதே மீன்தான் இது.

இம்மீன் நீரின் நடுவில் நீந்தித் திரிவதன்று, தரையில் வாழ்வது. மீசையால் மணலைத் தடவி இரையைக் கண்டுபிடிக்கும். மணலை வாயில் அள்ளி, உணவை மட்டும் கொண்டு, மீதியைச் செவுள் வழியே கொட்டிவிடும். அஞ்சினால் நொடியில் மணலுக்குள் புதைந்து கண்ணை மட்டும் வெளியே வைத்துக்கொள்ளும். ஆகவே, அயிரைக்கு மணல் என்பது வீடு, தட்டு, போர்வை மூன்றும் ஆகும். கடைகளில் ‘கோரி’ என்று விற்கப்படும் தென்னமெரிக்க கோரிடோரஸ் மீனுக்கும் இது பொருந்தும். தங்கமீனும் தரையைக் கிளறி வாயில் அள்ளும் பழக்கமுடையது. சிறு கூழாங்கல் அதன் வாயில் சிக்கிக்கொள்வதுண்டு. மேல்நீரில் திரியும் கப்பி போன்ற மீன்களுக்கு மட்டுமே தரை எதுவாயினும் பெரும் கேடில்லை. எனவே முதலில் மீனைத் தேர்ந்தெடுத்து, பிறகே மணலைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மணல் பிறக்கும் விதம்

ஜவ்வாது மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரந்து கிடப்பது. இங்குள்ள பாறைகளில் நைஸ், சார்னோகைட் ஆகியவை முக்கியமானவை. கல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னாக் என்பவரின் கல்லறைக் கல் இவ்வகைப் பாறையாதலால், தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலார் இதற்குச் சார்னோகைட் எனப் பெயர் வைத்தார்.

வெயிலிலும் மழையிலும் பாறை சிதையும்போது, அதிலுள்ள ஃபெல்ட்ஸ்பார் என்னும் கனிமம் நாளடைவில் களிமண்ணாகிவிடும். குவார்ட்சோ எளிதில் கரையாது, மாறாது; துகளாக எஞ்சி நிற்கும். அந்தத் துகள்களை ஓடை உருட்டிக்கொண்டு போகிறது. ஒன்றோடொன்று உரசி அவற்றின் கூர்முனைகள் மழுங்குகின்றன. எங்கள் மலையில் பிறக்கும் செய்யாறு பாலாற்றில் கலக்கும்வரை இந்த வேலையைத்தான் செய்கிறது.

எம்-சாண்ட் அப்படியன்று. அது கருங்கல்லை இயந்திரத்தில் நொறுக்கி எடுப்பது. சிமென்ட்டோடு பிடித்து நிற்க அதன் கூர்மை உதவும். ஆனால் மென்மையான மீசைக்கு அது அரம். கூடவே கல்மாவும் மிகுதி. கட்டடத்திற்கு நல்லது மீனுக்கு நல்லதாக இருக்கவேண்டிய கட்டாயமில்லை அன்றோ!

நான்கு சோதனைகள்

மணல் எங்கே கிடைத்தாலும் பின்வரும் சோதனைகளைச் செய்து பார்த்த பிறகே தொட்டியில் இட வேண்டும்.

முதலாவது, விரல் சோதனை. நனைந்த மணலை இரு விரலுக்கிடையே வைத்துத் தேய்த்தால் குத்தக்கூடாது. கைலென்சில் பார்த்தால் முனைகள் மழுங்கியிருக்க வேண்டும்.

இரண்டாவது, அமிலச் சோதனை. ஒரு கரண்டி மணலில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சில துளி விடுங்கள். வீட்டில் வினிகர் போதும். நுரைத்துப் பொங்கினால் அதில் கிளிஞ்சல் அல்லது சுண்ணாம்பு, அதாவது கால்சியம் கார்பனேட் இருக்கிறது. வெளிவருவது கரியமில வாயு. அத்தகைய மணல் தண்ணீரின் கடினத்தன்மையையும் காரத்தன்மையையும் உயர்த்திக்கொண்டே போகும். கடற்கரை மணல் நன்னீர்த் தொட்டிக்கு ஆகாது என்பதன் காரணங்களுள் இதுவும் ஒன்று, உப்பு மற்றொன்று. குவார்ட்ஸ் மணல் நுரைக்காது.

மூன்றாவது, காந்தச் சோதனை. ஓடை மணலில் கறுப்பு இழைகளாகத் தெரிவது பெரும்பாலும் மேக்னடைட் என்னும் இரும்புத் தாது. திருவண்ணாமலைக்கு அருகிலுள்ள கவுத்திமலையில் இருப்பதும் இந்தத் தாதுவே. மீனுக்கு இதனால் பெரிய கேடில்லை. ஆனால் நீரை இறைக்கும் வடிகட்டி மோட்டாரின் சுழலியில் காந்தம் உள்ளது; இத்துகள்கள் அதில் ஒட்டி அதைத் தேய்த்துவிடும். காந்தத்தைத் தாளில் சுற்றி உலர்ந்த மணலில் துழாவினால் எளிதில் நீக்கிவிடலாம்.

நான்காவது, அளவுச் சோதனை. அரை மில்லிமீட்டர் முதல் ஒரு மில்லிமீட்டர் வரையுள்ள துகள்களே தரைமீன்களுக்கு ஏற்றவை. இதைவிட மிக நுண்ணிய மணல் இறுகிப்போகும். சிறு சலனத்திலும் எழும்பி வடிகட்டியில் புகும். பெரும்பருக்கையாக இருந்தால் உணவு இடுக்கில் விழுந்து அழுகும். கொசுவலையில் சலித்துப் பெருங்கல்லை நீக்கலாம். நுண்தூளைக் கழுவி நீக்கலாம்.

அம்மா கற்பித்த பாடம்

விடுமுறையில் ஊருக்குப் போய், ஓடை வளைவில் மணல் ஒதுங்கியிருந்த இடத்தில் அளந்து பன்னிரண்டு கிலோ மட்டும் எடுத்தேன். அதுவும் அயிரைகளின் வீடுதானே! தேவைக்கு மேல் அள்ள மனம் வரவில்லை. ஆற்று மணலை அனுமதியின்றி அள்ளுவது குற்றம் என்பதையும் நண்பர்கள் மறக்கலாகாது. நகரத்தில் இருப்போர் தண்ணீர் வடிகட்டிகளுக்கென்று தரம் பிரித்து விற்கப்படும் குவார்ட்ஸ் மணலை வாங்கிக்கொள்வதே முறை.

வாளியில் கையை விட்டுக் கலக்கிக் கலக்கிக் கொட்டிக்கொண்டிருந்தேன். பத்து வாளி தண்ணீர் செலவாகியும் கலங்கல் தீரவில்லை. பார்த்துக்கொண்டிருந்த அம்மா சிரித்தார். “இப்படிக் கலக்குனா பொழுதுக்கும் கழுவணும் பாப்பா. அரிசியில கல் அரிக்கிறதில்லையா? அதுமாதிரி அரி” என்று சொல்லி, அகன்ற சட்டியில் கொஞ்சம் மணலை இட்டு, தண்ணீர் விட்டு, ஒரு சுழற்று சுழற்றி, மேலே நின்ற கலங்கலை மட்டும் சாய்த்து வடித்தார். எட்டு முறையில் தண்ணீர் தெளிந்தது.

வகுப்பில் படித்தது அப்போதுதான் எனக்கு விளங்கியது. நீரில் பெரிய துகள் விரைவாக அடியில் படியும். களிமண் போன்ற நுண்துகள் நெடுநேரம் மிதந்து நிற்கும். அந்த இடைவேளைக்குள் வடித்துவிட்டால் இரண்டும் பிரிந்துவிடும். எழுத்தறியாத என் அம்மாவின் கைக்கு அந்த நேரக் கணக்கு தெரிந்திருக்கிறது. கழுவிய மணலைக் கொதிநீர் ஊற்றி, இரண்டு நாள் வெயிலில் காய வைத்தோம். ஓடையிலிருந்து வரும் அட்டையும் பூச்சி முட்டைகளும் இதனால் ஒழியும்.

எவ்வளவு மணல் வேண்டும்?

தொட்டியின் நீளம் 60 செ.மீ., அகலம் 30 செ.மீ. மணல் முன்பக்கம் 3 செ.மீ., பின்பக்கம் 5 செ.மீ. எனச் சரிவாக இருந்தால் சராசரி உயரம் 4 செ.மீ. மூன்றையும் பெருக்க 7,200 கன செ.மீ., அதாவது 7.2 லிட்டர். உலர்ந்த மணல் லிட்டருக்கு ஏறத்தாழ 1.6 கிலோ. எனவே தேவை சுமார் 11.5 கிலோ. நான் பன்னிரண்டு கிலோ எடுத்ததன் கணக்கு இதுவே.

மிகுதியாகக் கொட்டுவதும் தவறு. ஆழத்தில் ஆக்சிஜன் எட்டாது. அங்கே மட்கும் கழிவிலிருந்து சில பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவை உண்டாக்கும். மணல் கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் வீசினால் அதுவே அடையாளம். அயிரை தானே மணலைக் கிளறிக் காற்றோட்டம் தருவது நமக்குக் கிடைத்த பேறு.

மணலுக்குள் ஒரு தொழிற்சாலை

என் முதல் ஐந்து மீன்களைக் கொன்றது மணலின் கூர்மையன்று, என் அவசரம். மீனின் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகிறது. அது நஞ்சு. ஒருவகைப் பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் நஞ்சே. இன்னொரு வகை அதைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாக மாற்றும். 1890-ஐ ஒட்டி ரஷ்ய அறிஞர் வினோகிராட்ஸ்கி விளக்கிய செயல் இது. இந்தப் பாக்டீரியாக்கள் துகள்களின் மேல் ஒட்டி வாழ்பவை. புதுத் தொட்டியில் அவை போதிய அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும்.

ஒட்டி வாழ இடம் எவ்வளவு? ஒரு மில்லிமீட்டர் மணல் ஒரு லிட்டரில் துகள்களின் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 3.6 சதுர மீட்டர். 7.2 லிட்டருக்கு 26 சதுர மீட்டர்! 30 செ.மீ. உயரமுள்ள நம் தொட்டியின் கண்ணாடிப் பரப்போ 0.72 சதுர மீட்டர்தான். ஆக்சிஜன் எட்டும் மேலடுக்கை மட்டும் கணக்கில் கொண்டாலும் மணலின் பங்கு பெரிது. 1829-இல் லண்டன் செல்சியில் ஜேம்ஸ் சிம்சனும், 1914-இல் சென்னைக் கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையத்தாரும் மணற்படுகை வழியே குடிநீரை மெல்லக் கசியவிட்டுத் தூய்மைப்படுத்தியதிலும் மணலில் படரும் உயிரிகளுக்குப் பங்குண்டு.

இம்முறை நான் அவசரப்படவில்லை. மணலின் மேல் ஒரு தட்டை வைத்து, தட்டில் விழும்படி தண்ணீர் ஊற்றினேன், கலங்கவில்லை. வாலிஸ்னேரியா நட்டு, காற்று மோட்டாரை ஓடவிட்டு, நாள்தோறும் ஒரு சிட்டிகை மீனுணவை மட்டும் இட்டு வந்தேன். வேதியியல் துறைத் தோழி வாரந்தோறும் நெஸ்லர் கரைசலால் அம்மோனியாவைச் சோதித்தாள். முதலில் பழுப்பாக மாறிய கரைசல் வரவர வெளிறியது. ஆறாம் வாரம் நிறமே காட்டவில்லை. நைட்ரைட்டுச் சோதனையும் தெளிவானது.

முடிவுரை

அதுவரை அகன்ற வாளியில் தினமும் நீர் மாற்றிக் காத்துவந்த ஐந்து மீன்களையும் அன்று தொட்டியில் விட்டேன். இறங்கிய மாத்திரத்தில் ஐந்தும் காணாமற்போயின! பதறிப்போய்க் குனிந்து பார்த்தேன். மணலிலிருந்து பத்துக் கண்கள் என்னைப் பார்த்தன. பேராசிரியர் பின்னால் நின்று, “இப்போது கேட்டிருக்கிறாய்” என்றார்.

இன்று அந்த மீன்களின் மீசைகள் மெல்ல வளர்ந்து வருகின்றன. அடுத்த விடுமுறையில் அம்மாவை அழைத்து வந்து, அவர் அரித்துத் தந்த மணல் கல்லூரியில் இருப்பதைக் காட்டவேண்டும் என்பது என் ஆசை. மீன் வளர்க்க விரும்பும் நண்பர்களே, மீன் வாங்கும் பணத்தைக் கையில் எடுக்கும் முன் மணலைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஐயமிருப்பின் விலங்கியல் ஆய்வகத்திற்கு வாருங்கள். சன்னலோரத் தொட்டியில் ஐவர் இருக்கிறார்கள்; சற்றுப் பொறுமையாகப் பார்த்தால் கண் தெரியும்.