உஷார்! செக்கில் விழும் பூஞ்சைக் கடலை

தெருவுக்குத் தெரு மரச்செக்கு போர்டு. ரீஃபைண்டு விஷம், செக்கு அமிர்தம் என்று வாட்ஸ்அப்பில் தினமும் ஒரு பாடம். அதில் பாதி உண்மை. மீதிப் பாதிதான் ஆளைக் கவிழ்க்கும்.

பெரிய ஆலைகள் ஹெக்சேன் என்ற கரைப்பானை ஊற்றி எண்ணெயைக் கரைத்தெடுக்கின்றன. புண்ணாக்கில் 1 சதவீதம்கூட மிஞ்சாது. ஹெக்சேன் 69 டிகிரியில் ஆவியாகிவிடும். எண்ணெயில் தங்குவது கிலோவுக்கு 5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். எக்ஸ்பெல்லர் என்ற இயந்திரம் திருகி நெருக்கும். அந்த நெருக்கலில் சூடு 100 டிகிரியைக்கூடத் தாண்டும். மரச்செக்கு மெதுவாகச் சுற்றுவதால் சூடு குறைவு, மணம் நிற்கும். எண்ணெயில் ஒரு பங்கு புண்ணாக்கோடு போய்விடுவதால் விலை மட்டும் ஏறும். இதுவரை செக்குக்கே ஜெயம்.

ஆனால் செக்கு பிழியுமே தவிர, சுத்தம் செய்யாது!

மழையில் நனைந்த நிலக்கடலையிலும், ஈரம் காயாமல் மூட்டை கட்டியதிலும் மஞ்சள் கலந்த பச்சையாக ஒரு பூஞ்சை பிடிக்கும். அது கக்கும் நஞ்சு அஃப்ளடாக்சின். கல்லீரல் புற்றுநோயை வரவழைப்பது. 1960இல் இங்கிலாந்தில் லட்சம் வான்கோழிகளுக்கு மேல் செத்து விழுந்தபோது, தீவனத்தில் கலந்த கடலைப் புண்ணாக்கில்தான் இதைக் கண்டுபிடித்தார்கள். ரீஃபைனரியில் காரமும் வெளுக்கும் மண்ணும் இந்த நஞ்சைப் பெரும்பாலும் நீக்கிவிடும். செக்கெண்ணெய்க்கு அந்தக் கட்டமே கிடையாது. வாணலிச் சூட்டுக்கும் அது அசையாது. வாட்ஸ்அப் பண்டிதர்கள் இதைச் சொல்வதேயில்லை.

சொத்தையும் சுருங்கலுமான பருப்பு சந்தையில் மலிவு. அரைத்த பிறகு யார் கண்டது? அதனால் எண்ணெயை முகர்வதற்கு முன், "கொட்டப்போற பருப்பைக் காட்டுங்கண்ணே" என்று கேளுங்கள். கை நிறைய அள்ளிப் பாருங்கள். கறுத்தது, பூத்தது, வாயில் போட்டால் கசப்பது என்று வந்தால் அந்தக் கடையே வேண்டாம். சொந்தப் பருப்பைக் கொண்டுபோய் ஆட்டுகிறவர்கள், காயவைத்துப் பொறுக்கிய பிறகு மூட்டையைத் தூக்குங்கள்.

விலையிலும் ஒரு கணக்கு உண்டு. ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு ஏறக்குறைய இரண்டேகால் கிலோ பருப்பாவது வேண்டும். அந்தப் பருப்பின் அன்றைய விலையிலிருந்து புண்ணாக்கு விற்ற காசைக் கழித்துப் பாருங்கள். அதற்கும் கீழே ஒருவர் லிட்டர் விற்றால், ஒன்று மட்டமான பருப்பு, இல்லை மலிவான வேறு எண்ணெயின் கலப்பு. லேபிள் இல்லாமல் கேனிலிருந்து ஊற்றித் தருகிற சில்லறை எண்ணெய் என்றால் சந்தேகம் இரட்டிப்பு.

பொறுக்கிப் போட்ட பூஞ்சைக் கடலையை மாட்டுத் தொட்டியில் கொட்டிவிடாதீர்கள். அதை ஆட்டிய புண்ணாக்கும் கூடாது. நஞ்சில் பெரும்பகுதி அங்கேதான் தங்குகிறது. பசு தின்றால் பாலில் இறங்கும். அந்தப் பால் குழந்தைக்குத்தான் போகும்.