கோதுமையை வளைத்துப் போட்டால் வெற்றி!

ஒரு மேஜை. சுற்றிலும் ஏழு பேர். "இரண்டு! இரண்டு!" "மூன்று! மூன்று!" என்று எல்லாரும் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள்.

சண்டை அல்ல. சீட்டு விளையாட்டு!

இதன் பெயர் "பிட்". அமெரிக்காவில் பார்க்கர் பிரதர்ஸ் கம்பெனி 1904-ம் ஆண்டில் இதை வெளியிட்டது. சிகாகோ தானியச் சந்தையைப் போல அமைந்த ஆட்டம் இது.

சீட்டில் ராஜா, ராணி கிடையாது. கோதுமை, பார்லி, மக்காச்சோளம் போன்ற சரக்குகள்தான். ஒவ்வொன்றிலும் 9 சீட்டு. ஒருவர் கையில் 9 சீட்டு.

எத்தனை சீட்டு மாற்றலாம் என்றுதான் கத்த வேண்டும். என்ன சரக்கு என்று சொல்லக்கூடாது. ஒரே சரக்கின் 9 சீட்டையும் முதலில் சேர்த்தவருக்கே வெற்றி. கோதுமை என்றால் 100 புள்ளி!

நிஜச் சந்தையில்...

ஜோசப் லைட்டர் என்ற பணக்கார வாலிபர், 1897-ல் சிகாகோவில் இதை நிஜமாகவே செய்து பார்த்தார். கோதுமையை வாங்கி வாங்கிக் குவித்தார். விலை ஏறியது. அதைக் கண்டு மற்றவர்களின் கோதுமையும் சந்தைக்கு வந்து குவிந்தது. 1898 ஜூனில் விலை சரிந்தது. பல லட்சம் டாலர் நஷ்டம்! மகனின் கடன் தந்தை தலையில் விழுந்தது.

சேர்க்க வேண்டிய சீட்டு

சீட்டுக் கட்டில் கோதுமை ஒன்பதோடு முடிந்துவிடும். வயலில் முடியுமா?

இளைஞர்களுக்கு முதலீட்டைக் கற்றுத்தரப் புதிய சீட்டாட்டம் அமைப்பவர்கள், "புது அறுவடை" என்று ஒரு சீட்டைச் சேர்க்க வேண்டும். அது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியக்கூடாது. வந்ததும், ஒரே சரக்கில் எல்லாப் பணத்தையும் போட்டவர் தோற்க வேண்டும். பிரித்துப் போட்டவர் தப்ப வேண்டும்.

சீட்டில் தோற்றால் கலைத்துப் போட்டு மறுபடி ஆடலாம். சேமித்த பணம் போனால்?