வெள்ளம் வடிந்த பின்

வன்னி நாட்டுக்கு நீரே செல்வம். அந்நீரே சில ஆண்டுகளிற் பகையுமாகின்றது. வாடைக்காற்றோடு வரும் மாரி மழையை நம்பியே அங்குள்ள உழவன் காலபோக நெல்லை விதைக்கின்றான். மழை பிந்தினால் அவன் முகம் வாடும். அது அளவு மிஞ்சினாலோ, வயல் மட்டுமன்றி வீடும், கிணறும், பிள்ளையின் புத்தகப் பையும் ஒருங்கே நீருள் அமிழும்.

2018 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 21 ஆந் திகதி இரவு கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களிற் பெய்த பெருமழை அத்தகையது. வடமாகாணத்தின் மிகப் பெரிய குளமாகிய இரணைமடு, கனகராயன் ஆற்றின் நீரை ஏந்தி நிற்பது. குளம் நிரம்பவே வான்கதவுகள் திறக்கப்பட்டன. கீழ்ப்புறத்தே பன்னங்கண்டி, முரசுமோட்டை, கண்டாவளை முதலிய இடங்கள் வெள்ளக்காடாயின. பல்லாயிரம் மக்கள் பாடசாலைகளிலும் பொது மண்டபங்களிலும் தஞ்சம் புகுந்தனர்.

அம்மக்களுக்கு இடப்பெயர்வு புதியதன்று. 2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையைத் துடைத்துச் சென்றது. 2009 இல் முடிவுற்ற போரின் கடைசி மாதங்களில் அவர்கள் பட்ட துயர் உலகறிந்தது. நிவாரண வரிசையிற் கோப்பையேந்தி நின்ற நாள்களை மறந்து, சொந்தக் கூரையின் கீழ் மீண்டும் அடுப்பு மூட்டத் தொடங்கிய காலத்திலேயே இவ்வெள்ளம் வந்தது. ஆகவே, அங்கு தொண்டு செய்யச் சென்றோர் உணவுப் பொதியைக் கொடுத்தால் மட்டும் போதாதிருந்தது. கொடுக்கும் முறையும் அவர்களது மானத்தைக் காப்பதாயிருத்தல் வேண்டியிருந்தது.

முதல் மூன்று நாள்கள்

இடர் வந்தபோது நம்மவர் கைகட்டி நின்றாரல்லர். யாழ்ப்பாணத்திலிருந்தும் தெற்கிலிருந்தும் பொருள்கள் ஏற்றிய வாகனங்கள் வந்தன. எங்கே வெள்ளம் வந்தாலும் இத்தகைய காட்சியைக் காணலாம். உழவு இயந்திரம் வைத்திருப்பவன் முழங்காலளவு நீரில் முதியோரை ஏற்றிச் செல்வான். கோயில் மடைப்பள்ளியிலோ பாடசாலை முற்றத்திலோ பெரிய கிடாரம் ஏறும். பெண்கள் காய்கறி நறுக்குவர். இளைஞர் சோற்றுப் பொதி கட்டுவர். சாதியும் சமயமும் பேசுவார் அவ்வேளை யாருமிலர்.

வள்ளுவர் ஒப்புரவறிதல் என்னும் அதிகாரத்தை முதலில் வைத்து, அதன் பின்னரே ஈகையை வைத்தார். ஈகை, இல்லாதவனுக்கு உள்ளவன் கொடுப்பது. ஒப்புரவோ, ஊரோடு ஒத்து வாழ்வதன் கடமை. இன்று என் முற்றம் உலர்ந்திருக்கின்றது. நாளை அது நனையலாம். இவ்வுணர்வோடு செய்யுந் தொண்டில், கொடுப்பவன் நிமிர்வதுமில்லை, பெறுபவன் குனிவதுமில்லை.

எனினும் நல்லெண்ணம் மட்டும் நல்ல தொண்டாகிவிடாது. நெடுஞ்சாலை ஓரத்து வீட்டுக்கு ஒரே நாளில் மூன்று பொதி சேர்வதும், நான்கு மைல் உள்ளே ஒழுங்கையின் முடிவிலுள்ள குடிசைக்கு ஒன்றுமே சேராதிருப்பதும் இத்தகைய வேளைகளிற் கண்கூடு. சமைக்கப் பாத்திரமும் காய்ந்த விறகும் இல்லாத வீட்டாருக்கு அரிசி மூட்டையால் என்ன பயன்? முதல் நாள்களில் வேண்டுவது சமைத்த உணவும் குடிநீருமாம். உலர் உணவு அவர்கள் வீடு திரும்பும் நாளுக்குரியது. நமக்கு வேண்டாத கந்தலை மூட்டையாகக் கட்டியனுப்புவது தொண்டன்று. அதைத் தரம் பிரிக்கும் வேலையை அல்லலுற்றவர் தலையிற் சுமத்துவதாகும். பெண்களுக்கு வேண்டிய மறைவான பொருள்களையும் குழந்தைகளுக்குரிய உணவையும் கேட்டறிந்து அனுப்புவோரே மெய்யாகச் சிந்தித்தவராவர்.

கிணறும் நோயும்

நான்காம் நாள் வெயில் எறிக்கும். நீர் வடியும். வாகனங்கள் திரும்பிச் செல்லும். படம் பிடிப்போரும் செல்வர். அப்பொழுதுதான் மக்கள் தம் வீட்டு வாயிலில் நின்று, முழங்கால் வரை படிந்த சேற்றைப் பார்த்துத் திகைத்து நிற்பர். உண்மையான தொண்டு அன்றுதான் தொடங்குகின்றது.

முதல் வேலை கிணறு. வன்னியிற் பெரும்பாலான வீடுகளுக்குக் கிணறே குடிநீர். மலசலகூடக் குழியும், செத்த பிராணியும், வயலிலிட்ட நஞ்சும் கலந்த வெள்ளம் அதனுள் இறங்கியிருக்கும். அதைத் துப்புரவாக்குவதிலும் முறையுண்டு. சுற்று நிலம் நீரூறி இளகியிருக்கும்போது அவசரப்பட்டு முழுவதையும் இறைத்தால், கட்டில்லாத கிணற்றின் சுவர் இடிந்து விழக்கூடும். ஆதலின் நிலத்து நீர் தாழ்ந்த பின்னர் மெல்ல இறைத்தல் வேண்டும். சேற்றை அள்ளி, சுவரைத் தேய்த்துக் கழுவி, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கூறும் அளவில் குளோரீன் இட்டு, அவர் குறித்த நேரம் விட்டு, மணம் நீங்கும்வரை மீண்டும் இறைத்தல் வேண்டும். அதுவரை கொதித்தாறிய நீரே குடிக்கத் தக்கது.

இளைஞர்கள் ஒன்றை மறவாதிருப்பார்களாக. பெற்றோலில் அல்லது மண்ணெண்ணெயில் இயங்கும் இறைக்கும் இயந்திரத்தைக் கிணற்றினுள் இறக்கி இயக்கலாகாது. அதன் புகையிலுள்ள நச்சுவாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. உள்ளே நிற்பவனைச் சத்தமின்றிக் கொல்லும். இயந்திரம் நிலத்தின் மேலேயே, காற்றோட்டமான இடத்தில் நிற்றல் வேண்டும்.

இரண்டாவது, நோய்த் தடுப்பு. சேற்றில் வெறுங்காலோடு இறங்குபவனுக்கு எலிக்காய்ச்சல் வரக்கூடும். எலியின் சிறுநீர் கலந்த நீர், காலிலுள்ள சிறு காயத்தினூடாகவே நோயைப் புகுத்திவிடும். தொண்டர்களுங்கூடச் சுகாதார வைத்திய அதிகாரியின் பணிமனையிற் கேட்டறிந்து, அவர்கள் கொடுக்கும் தடுப்பு மருந்தை உட்கொண்ட பின்னரே இறங்குதல் அறிவுடைமை. தேங்கிய நீரோ நுளம்புக்குத் தொட்டில். 2017 ஆம் ஆண்டில் இந்நாட்டில் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு நோயாளராகப் பதிவாகினர். மழை விட்டபின் சிரட்டையையும் தகரப் பேணியையும் பொறுக்கிக் கவிழ்க்கும் சிறுவனும், கிடாரத்திற் சோறு சமைத்தவரைப் போலவே தொண்டன்தான்.

மூன்றாவது, காகிதம். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி ஆகியன நனைந்து கெட்டால், ஏழையின் உரிமையும் அவற்றோடு கரைகின்றது. எழுத்தறிந்த மாணவர் இருவர் ஒரு மேசையை இட்டு அமர்ந்து, விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுத்துக் கிராம அலுவலரிடம் வழிகாட்டினால், அவ்வுதவி பத்து மூட்டை அரிசிக்குச் சமமாகும்.

ஊருக்கு ஒரு பதிவேடு

இவை யாவும் வெள்ளம் வந்தபின் எண்ணிச் செய்வன அல்ல. நம் ஊர்தோறும் சனசமூக நிலையம் உண்டு. கிராம அபிவிருத்திச் சங்கமும் மாதர் சங்கமும் உண்டு. அவற்றில் ஒரு பதிவேடு இருக்கட்டும். தனித்து வாழும் முதியோர் எவ்வீட்டில், நடக்க இயலாதோர் எவ்வீட்டில், கருவுற்ற தாய்மார் யார், உழவு இயந்திரமும் வள்ளமும் இறைக்கும் இயந்திரமும் எவரிடம், எந்த மேட்டு நிலத்துப் பாடசாலையின் திறப்பு யாரிடம் என்பனவற்றை ஆவணி மாதத்திலேயே எழுதி வைத்து, ஆண்டுதோறும் புதுக்கி, ஒரு பிரதியைக் கிராம அலுவலரிடமும் கொடுத்து வைத்தல் நன்று. இதற்குப் பெரும் பணம் வேண்டுவதில்லை. ஒரு கொப்பியும், வீடு வீடாக நடக்கும் நான்கு மாணவரும் போதும்.

அப்பதிவேடு இருக்கும் ஊரில், வெளியூரிலிருந்து வரும் அன்பர் வழியறியாது மயங்கார். ஒழுங்கையின் முடிவிலுள்ள குடிசைக்காரியின் பெயரும் அதில் இருக்கும். அவள் பங்கு அவளைத் தேடிச் செல்லும்.

1957 இல் பெருவெள்ளத்தையும், 1964 இல் புயலையும், 1978 இல் மட்டக்களப்புச் சூறாவளியையும் கண்ட நாடு நம்முடையது. அவை யாவும் வந்தவை நவம்பர், டிசெம்பர் மாதங்களிலேதான். மாரி இனியும் வரும். அதை நாம் தடுக்க இயலாது. வீடுதோறும் நடந்து அக்கொப்பியை நிரப்ப மட்டும் நம்மால் இயலும். வருகின்ற விடுமுறையில் உங்கள் ஊரில் அவ்வேலையைத் தொடங்கப் போகிறவர் யார்?