இயற்பியலுக்குள் போகும் வழியும் வெளியே வரும் வழியும்

ப்ளஸ் ஒன் செய்முறை வகுப்பில் வெர்னியர் அளவியைக் கையில் பிடிக்கும் பிள்ளைக்கு, அதே கருவி தன் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி யாருக்கோ சோறு போட்டுக்கொண்டிருப்பது பெரும்பாலும் தெரியாது. அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பட்டறைகளில், லேத்திலிருந்து இறங்கிய இரும்புத் தண்டை எண்ணெய் போகத் துடைத்து, அளவியின் தாடைகளுக்கு நடுவே வைத்து, எந்தக் கோடு எந்தக் கோட்டோடு நேர்படுகிறது என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறார்கள். அளவு தப்பினால் சரக்கு திரும்பி வந்துவிடும்.

ஆனாலும் ப்ளஸ் டூ ரிசல்ட் வந்ததும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் எழும் கேள்வி மாறுவதே இல்லை. "பிசிக்ஸ் படிச்சு வாத்தியாராவா போகப்போற?" கேட்கும் அப்பாவைக் குறை சொல்ல முடியாது. கடன் வாங்கிப் படிக்கவைக்கும் வீட்டில் அந்தப் பயம் நியாயமானது. விவரமான பதில்தான் அவருக்குக் கிடைப்பதில்லை.

இந்தப் பயம் பழையது. சேப்பாக்கம் மாநிலக் கல்லூரியில் எம்.ஏ. முடித்த சி.வி. ராமன், ஆராய்ச்சியை நம்பிப் பிழைக்க வழியில்லாத காலத்தில், 1907இல் நிதித்துறைத் தேர்வெழுதி கல்கத்தாவில் கணக்குத் துறை அதிகாரியானார். அலுவலகம் போக மிஞ்சிய நேரத்தில்தான் ஆய்வு. பத்து ஆண்டு கழித்து, 1917இல், குறைந்த சம்பளத்துக்குப் பேராசிரியராகப் போனார். 1930இல் நோபல் பரிசு வந்தது. அவருடைய அண்ணன் மகன் சந்திரசேகரும் அதே கல்லூரி மாணவர்தான். அவர் ஐ.சி.எஸ். எழுத வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. மகன் இயற்பியலை எடுத்தார். நோபல் எல்லோருக்கும் வாய்க்காது. ராமனின் கதையில் கவனிக்க வேண்டியது வேறு: சம்பளத்துக்கு ஒரு வழி, ஆசைக்கு ஒரு வழி என்று இரண்டையும் அவர் பல ஆண்டு சேர்த்தே வைத்திருந்தார்.

இன்றைய கணக்கைப் பார்க்கலாம். பி.எஸ்சி. மூன்று ஆண்டு, எம்.எஸ்சி. இரண்டு, பிஎச்.டி. ஐந்தாறு. பதினேழு வயதில் தொடங்குபவர் முடிக்கும்போது இருபத்தேழு, இருபத்தெட்டு. சிஎஸ்ஐஆர்-யுஜிசி நெட் தேர்வில் ஜேஆர்எஃப் கிடைத்தால், 2023 ஜனவரி முதல் அமலில் உள்ள விகிதப்படி மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. அது கிடைக்காமல், கையில் பணமும் இல்லாமல் பிஎச்.டி.யில் சேர்வதுதான் இந்தப் பாதையின் மிகப் பெரிய ஆபத்து. முடித்த பிறகும் நிரந்தரப் பேராசிரியர் பணி எளிதில் வராது. கௌரவ விரிவுரையாளருக்கு மாதம் 50,000 ரூபாய் வரை தரலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2019இல் சொன்னது. அந்தத் தொகைக்காகப் போராடியவர்கள் நம் மாநிலத்திலேயே ஏராளம்.

ஆனால் ஆவடி மின்சார ரயிலைப் போல இந்தப் பாதையிலும் நடுவில் இறங்க நிறுத்தங்கள் உண்டு. பி.எஸ்சி. முடித்து எம்.சி.ஏ., பி.எட்., டிஎன்பிஎஸ்சி என்று மாறலாம். ஜாம் தேர்வு எழுதி ஐஐடியில் எம்.எஸ்சி. சேரலாம். எம்.எஸ்சி.யோடு கேட் மதிப்பெண் இருந்தால் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டிஆர்டிஓவில் விஞ்ஞானி பணிக்கு விண்ணப்பிக்கலாம். (ஆவடியில் டாங்கிகளை வடிவமைக்கும் சிவிஆர்டிஇ அதன் ஆய்வகம்தான். ஆனால் தேர்வு அகில இந்திய அளவில். உள்ளூர்க்காரர் என்ற சலுகை கிடையாது.) வெளியே அதிகம் பேசப்படாத இன்னொரு வேலை மருத்துவ இயற்பியல். புற்றுநோயாளிக்குக் கதிர் எந்தத் திசையில், எவ்வளவு என்று கணக்கிடுபவர் இயற்பியல் படித்தவர். அண்ணா பல்கலைக்கழகத்தில் இதற்கு எம்.எஸ்சி. இருக்கிறது.

சேர்ந்த பிறகு மனம் மாறினால்? இங்கேதான் பல குடும்பங்கள் ஏமாறுகின்றன. பொறியியல் இடம் கிடைத்ததும் பி.எஸ்சி.யை விடப் பார்ப்பார்கள். "ஒரிஜினல் சர்டிபிகேட் வேணும்னா மூணு வருஷ ஃபீஸையும் கட்டுங்க" என்று பதில் வரும். அசல் சான்றிதழைப் பிடித்துவைக்க எந்தக் கல்லூரிக்கும் உரிமை இல்லை. 2018 அக்டோபர் யுஜிசி அறிவிப்பு அதைத் தடுக்கிறது. சேர்க்கையின் கடைசித் தேதிக்குப் பிறகு விலகினாலும் 15 நாளுக்குள் என்றால் 80 சதவீதமும், 30 நாளுக்குள் என்றால் 50 சதவீதமும் கட்டணம் திரும்ப வேண்டும். சில கல்வியாண்டுகளுக்கு யுஜிசி இன்னும் சாதகமாகத் தனிச் சுற்றறிக்கை விட்டிருக்கிறது. அந்தந்த ஆண்டுக்கானதைப் பார்த்துக்கொள்வது நல்லது.

கோச்சிங் சென்டர் விளம்பரத்துக்கும் கடிவாளம் வந்துவிட்டது. "நெட், ஜாம் உறுதி" என்பது போன்ற வாக்குறுதிகளையும், ஜெயித்தவரின் ஒப்புதல் இல்லாமல் படம் போடுவதையும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் தடை செய்தது. ஏமாந்தவர்கள் 1915 என்ற எண்ணுக்கு அழைக்கலாம்.

பிஎச்.டி. மாணவர்களுக்கு யுஜிசியின் 2022 விதிகள் துணை நிற்கின்றன. ஆறு ஆண்டில் முடியாவிட்டால் மறுபதிவு செய்து இரண்டு ஆண்டு கூடுதலாக எடுக்கலாம். பெண்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் அதற்கு மேலும் இரண்டு ஆண்டு. மகப்பேறு, குழந்தை பராமரிப்புக்கு 240 நாள் வரை விடுப்பு உண்டு. கல்யாணம் ஆனதும் ஆய்வை விட்டுவிட்ட பெண்களில் எத்தனை பேருக்கு இது தெரிந்திருக்கும் என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

தொழிற்பேட்டைப் பக்கம் போகிறவர்களுக்குத் தனி எச்சரிக்கை தேவை. வெல்டிங் இணைப்பை எக்ஸ்ரே, காமா கதிரால் சோதிக்கும் வேலைக்கு இயற்பியல் பட்டதாரிகளும் போகிறார்கள். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் ஏற்கும் பயிற்சியா என்று பார்க்காமல் பணம் கட்டக்கூடாது. உடலில் படும் கதிரை அளக்கச் சட்டையில் குத்திக்கொள்ளும் டிஎல்டி பேட்ஜ் தராமல் கதிர் அருகே அனுப்பினால் மறுக்கலாம். ஐந்து ஆண்டுச் சராசரி ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஒரு ஆண்டிலும் 30 என்பது உச்ச வரம்பு. தன் அளவு எவ்வளவு என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

கல்லூரி மீதான புகாருக்கு 2023 யுஜிசி விதிப்படி ஒவ்வொரு கல்வி நிறுவனத்திலும் மாணவர் குறைதீர்க்கும் குழு இருக்க வேண்டும். அது 15 வேலை நாளுக்குள் அறிக்கை தர வேண்டும். திருப்தி இல்லையென்றால் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டு வந்தால் நிற்காது. மனுவை இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் தேதியோடு அலுவலக முத்திரை வாங்கி, கட்டண ரசீதோடு சேர்த்து அப்பாவின் பீரோவில் வைத்துவிட்டுத்தான் அடுத்த வேலை.