காப்பிப் பழம் அலசிய நீர்: ஓடைக்குக் கேடு, அடுப்புக்கு வாயு

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் செல்லும் மலைப்பாதையில் உள்ள பர்லியார், 1871 முதல் அரசுப் பழப்பண்ணை இருந்து வரும் ஊர். மங்குஸ்தான், ஜாதிக்காய், கிராம்பு, பலா, பாக்கு, மிளகு ஆகியவற்றோடு சரிவுகளில் காப்பியும் விளைகிறது. அறுவடைக் காலத்தில் பழத்தைப் பல்ப்பரில் அரைத்துத் தோல் நீக்கி, கொட்டையை அலசிய நீரை ஓடையில் விட்டுவிடுவது பல மலைத் தோட்டங்களில் நெடுநாள் வழக்கம். இங்குள்ள ஓடைநீர் கல்லாறு வழியாகப் பவானியைச் சேர்கிறது. மேலே விடும் கழிவு, கீழே உள்ளவர் குடிக்கும் நீரில்தான் கலக்கிறது. அதே நீரிலிருந்து எரிவாயு எடுக்க முடியும் என்பதை உழவர்கள் அறிந்துகொள்வது நல்லது.

சாராய ஆலை காட்டிய வழி

கரும்பாலைக் கழிவுப்பாகிலிருந்து எரிசாராயம் காய்ச்சும் ஆலைகளில், ஒரு லிட்டர் சாராயத்துக்கு 8 முதல் 15 லிட்டர் வரை கழிவுநீர் வெளியாகிறது. பழுப்பு நிறமும் புளிப்பும் கொண்ட இந்நீரைக் காற்றுப் புகாத பெரிய கலன்களில் அடைத்து வைத்தால், அதிலுள்ள அழுக்கை நுண்ணுயிர்கள் தின்று மீத்தேன் வாயுவாக மாற்றுகின்றன. ஆலைகள் அந்த வாயுவைக் கொதிகலனில் எரித்து எரிபொருள் செலவைக் குறைக்கின்றன. சேலம், நாமக்கல் பகுதி ஜவ்வரிசி ஆலைகள் சிலவும் இம்முறையைக் கையாளுகின்றன.

காப்பி அலசிய நீரும் ஏறக்குறைய இதே இனம்தான். பழத்தின் வழவழப்பான சதையில் சர்க்கரை இருக்கிறது. அது புளிக்கும்போது முதலில் சாராயமாகவும், பிறகு காடியாகவும் மாறுகிறது. ஆகவேதான் தொட்டியில் ஓரிரு நாள் நின்ற நீர் மூக்கைத் துளைக்கிறது. இந்நீர் ஓடையில் கலந்தால், அதைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் நீரிலுள்ள பிராணவாயுவை எல்லாம் உறிஞ்சிக் கொள்கின்றன; மீன்கள் மூச்சுத் திணறிச் சாகின்றன. சாதாரண ஊர்ச் சாக்கடையைவிடப் பல மடங்கு வீரியமுள்ள கழிவு இது.

கர்நாடக மாநிலம் பாலெஹொன்னூரில் உள்ள மத்திய காப்பி ஆராய்ச்சி நிலையம் இந்நீரைச் சுத்திகரிக்கும் முறைகளை ஆராய்ந்துள்ளது. நிகராகுவா, ஹோண்டுராஸ், குவாத்தமாலா நாடுகளிலும் காப்பிப் பண்ணைகள் இந்நீரிலிருந்து வாயு எடுத்துப் பயன் கண்டுள்ளன.

எவ்வளவு வாயு கிடைக்கும்?

நடுத்தர வீரியமுள்ள 1,000 லிட்டர் நீரிலிருந்து, ஏட்டுக் கணக்குப்படி, சுமார் நாலரை கன மீட்டர் வாயு கிடைக்க வேண்டும். இது ஏறத்தாழ 2 கிலோ சமையல் வாயுவுக்குச் சமம். அனுபவத்தில் இதைவிடக் குறைவாகவே கிடைக்கும். எனவே பெரும் லாபத்தை எதிர்பார்த்து யாரும் கடன் வாங்கிக் கலன் கட்ட வேண்டியதில்லை. சாண எரிவாயுக் கலன் ஏற்கெனவே வைத்திருப்போர் அதிலேயே இந்நீரைச் சேர்த்துப் பயன் பெறலாம்.

சாணக் கலனில் சேர்க்கும் முறை

மூன்று, நான்கு மாடுகள் வைத்திருப்போர் அமைக்கும் 2 கன மீட்டர் கலனுக்குத் தினம் 50 கிலோ சாணமும் 50 லிட்டர் தண்ணீரும் தேவை. இந்தத் தண்ணீருக்குப் பதிலாகத்தான் காப்பி அலசிய நீரைச் சேர்க்க வேண்டும்.

1. அறுவடைக்கு இரண்டு, மூன்று மாதங்களுக்கு முன்பே கலன் சாணத்தால் நன்கு இயங்கிக்கொண்டிருக்க வேண்டும். மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் சாணத்திலிருந்தே வருகின்றன.

2. நீரை வலையில் வடிகட்டித் தோல், சக்கையை அகற்றவும். இவை குழாயை அடைத்துவிடும். தோலைச் சாணத்துடன் அடுக்கி மக்கவைத்தால் நல்ல எருவாகும்.

3. கலனில் விடும் அன்று, நீற்றிய சுண்ணாம்பைச் சிறிது சிறிதாகக் கரைத்துப் புளிப்பை மாற்றவும். கார அமிலத் தாளில் 6.5 முதல் 7 வரை காட்டினால் போதும். சுண்ணாம்பு மிகுந்தாலும் கேடே.

4. முதல் வாரம் 50 லிட்டரில் 12 லிட்டர் மட்டும் இந்நீராக இருக்கட்டும். இரண்டாம் வாரம் 25 லிட்டர். சுடர் நீல நிறமாக நின்று எரிந்தால் மேலும் கூட்டலாம்.

5. வாயு குறைந்தாலோ, சுடர் அணைந்து அணைந்து எரிந்தாலோ கலன் புளித்துவிட்டது என்று பொருள். உடனே காப்பி நீரை நிறுத்தி, சாணமும் நல்ல தண்ணீரும் மட்டும் விடவும்.

இந்நுண்ணுயிர்களுக்கு 30 முதல் 35 டிகிரி வெப்பம் உகந்தது. உதகை, குன்னூரைவிடத் தாழ்வான பர்லியாருக்கு இது ஓர் அனுகூலம். எக்காரணம் கொண்டும் கலனுக்குள் ஆள் இறங்கக் கூடாது. அங்குள்ள வாயு உயிரைப் பறிக்கும்.

நீரைக் குறைப்பதே முதல் வேலை

இக்கலன் நாளொன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் தாங்காது. தாராளமாகத் தண்ணீர் விட்டு அலசுவோர் ஆயிரக்கணக்கான லிட்டர் கழிவை வைத்துக்கொண்டு திண்டாட வேண்டியிருக்கும். எனவே பல்ப்பருக்கு விடும் நீரையே அன்று முழுவதும் திரும்பத் திரும்பச் சுற்றவிட வேண்டும். நீர் குறையும், குறைந்த நீரில் வீரியம் கூடுவதால் வாயுவும் கூடும். அதிகமாகப் பழம் அரைப்போர் அக்கம்பக்கத்தாருடன் சேர்ந்து தனிக் கலன் அமைப்பது பற்றிக் காப்பி வாரிய அலுவலர்களைக் கலந்து ஆலோசிக்கலாம்.

சில மூட்டைப் பழம் மட்டும் பறிப்போர் பல்ப்பரை நாடாமல், பழத்தை அப்படியே களத்தில் உலர்த்திச் செர்ரி காப்பியாக விற்பதே மேல். விலை சற்றுக் குறையலாம். ஆனால் கழிவுநீர் என்ற பேச்சுக்கே இடமில்லை.

கலனிலிருந்து வெளிவரும் குழம்பும் முற்றும் சுத்தமானதல்ல. அதையும் ஓடைக்கு விடாமல் குழியில் தேக்கி, வாழைக்கும் பாக்குக்கும் உரமாக இட வேண்டும். கிடைக்கும் வாயு வீட்டு அடுப்புக்குச் சிறு உதவிதான். ஆனால் ஓடை கெடாமலிருப்பது, மலையடிவாரம் வரை உள்ள அத்தனை குடும்பங்களுக்கும் செய்யும் உபகாரம்.